கார்க் ஸ்க்ரூ: தக்கை எளிதாகவும் ஆடாமலும் வெளியே வர என்ன செய்ய வேண்டும்?

ஓட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் இரவு, விருந்தினர் மேசைக்கு முன்னால் நின்று ஒயின் பாட்டில் திறந்தேன். கையில் இருந்தது இரண்டு பக்கமும் இறக்கை வைத்த ஓப்பனர். இறக்கைகளை அழுத்தினேன். திருகு மட்டும் மேலே வந்தது, கூடவே ஒரு ஸ்பூன் அளவுக்குத் தக்கைத் தூள். தக்கை நகரவே இல்லை. அதன் நடுவில் பென்சில் நுழைகிற மாதிரி ஓட்டை. கையில் பலம் போதவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த விடுமுறையில் அண்ணனின் லேத் பட்டறையில் அந்த ஓப்பனரைக் காட்டினேன். திருகை ஒரு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது இழுக்கிற கம்பி இல்லடா, ஓட்டை போடுற ட்ரில்" என்றார்.

அன்றிலிருந்து கையில் கிடைத்த கார்க் ஸ்க்ரூக்களை எல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அரத்தால் தேய்த்து மாற்றியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும், கருவி வடிவமைப்பு படிக்கிற மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு தக்கையை வெளியே எடுக்க உண்மையில் எவ்வளவு இழுவிசை தேவை?

சாதாரண ஒயின் தக்கைக்குச் சுமார் 20 முதல் 40 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழுப்பு என்று புரியும்.

காரணம் இதுதான். தக்கையின் இயல்பான விட்டம் 24 மி.மீ. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் மேலே சுமார் 18.5 மி.மீ. அத்தனை தூரம் நசுங்கி உள்ளே போன தக்கை, பழைய அளவுக்கு விரியப் பார்த்துக்கொண்டே இருக்கும். 45 மி.மீ. நீளத் தக்கை கண்ணாடியைத் தொடும் பரப்பைக் கணக்குப் போட்டால் 26 சதுர செ.மீ. வருகிறது. அந்தப் பரப்பு முழுவதும் அழுத்தமும் உராய்வும் இருக்கிறது.

ஆனால் இவ்வளவு பலம் கடைசி வரை தேவைப்படாது. அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்கையைக் கிளப்புகிற அந்த முதல் சில மில்லிமீட்டருக்குத்தான் உச்ச பலம். நகர ஆரம்பித்த பிறகு, வெளியே வரவர கண்ணாடியைத் தொடும் பரப்பு குறைகிறது, இழுவிசையும் கூடவே குறைகிறது. பாதி வெளியே வந்த தக்கைக்கு ஏறக்குறையப் பாதி பலம் போதும். நல்ல கருவி ஆரம்பத்தில் அதிக பலமும், பின்பாதியில் அதிக நகர்வும் தர வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

ரப்பரை இழுத்தால் மெலிகிறது. தக்கையும் இழுக்கும்போது மெலிந்து வந்துவிடாதா?

வராது. தக்கை என்பது ஓக் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பட்டை. போர்ச்சுகல்தான் இதில் முதலிடம், உலக உற்பத்தியில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிப்பார்கள், அடுத்த உரிப்புக்கு ஒன்பது வருடம் விடுவார்கள். 1665ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இந்தப் பட்டைச் சீவலைத்தான். தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரிந்ததால் அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார்.

ஒவ்வோர் அறைக்குள்ளும் காற்று. மேலிருந்து அழுத்தினால் அறைகள் மடங்கிக்கொள்கின்றன, பக்கவாட்டில் பிதுங்குவதில்லை. அதனால்தான் தக்கையைப் பாட்டிலுக்குள் தள்ள முடிகிறது. இழுக்கும்போதும் அதே கதைதான், அது பக்கவாட்டில் ஒடுங்குவதில்லை. ரப்பரைப் போல இழுத்து மெலியவைத்து எடுக்கிற குறுக்குவழி இங்கே கிடையாது.

நீளமான கைப்பிடி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

எல்லோரும் முதலில் கைப்பிடியில்தான் கை வைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். கார்க் ஸ்க்ரூவுக்கு வேலை மூன்று: தக்கையைப் பிடிக்க வேண்டும், கண்ணாடியோடு உள்ள ஒட்டை விடுவிக்க வேண்டும், நேராகத் தூக்க வேண்டும். பிடி சரியில்லாத திருகில் நீளக் கைப்பிடியை மாட்டினால், தக்கை இன்னும் சீக்கிரம் பிய்யும், அவ்வளவுதான். என் இறக்கை ஓப்பனரில் பலத்துக்குக் குறைவே இல்லை. அந்தப் பலம் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

நல்ல திருகை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு தீக்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். திருகின் நுனிப்பக்கமிருந்து நடு அச்சு வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். சுருண்ட கம்பியாக இருந்தால் நடுவில் வெற்றிடம் இருக்கும், குச்சி தடையில்லாமல் போகும். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றித் தகடு மாதிரிப் புரி என்று இருந்தால் குச்சி போகாது. அது தச்சர் வைத்திருக்கும் துளைக்கருவியின் வடிவம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருள் கம்பி தக்கைக்குள் போகும்போது தன் தடிமனுக்கு மட்டும் வழி செய்துகொள்கிறது. சுருளின் நடுவில் இருக்கும் தக்கை உடையாமல் முழுசாக நிற்கிறது. இழுக்கும்போது அந்த நடுத்தூண் முழுவதும் கம்பியோடு சேர்ந்து பாரம் தாங்குகிறது. 9 மி.மீ. அகலச் சுருள் 40 மி.மீ. ஆழம் இறங்கினால் சுமார் 11 சதுர செ.மீ. தக்கைப் பரப்பு பிய்ந்தால்தான் பிடி விடும். தண்டு வைத்த திருகு அந்த நடுப்பகுதியை இடித்துத் தூளாக்கிவிடுகிறது. பிறகு பிடிக்க அங்கே என்ன இருக்கும்?

அடுத்து நுனி. அது ஊசி மாதிரி கூராக, சுருள் போகிற வளைவிலேயே தொடர வேண்டும். நடு அச்சை நோக்கி உள்பக்கம் மடக்கிய நுனி, பின்னால் வரும் கம்பி போகாத இடத்தில் வழி கிழிக்கும். விலை மலிவான திருகுகளில் நுனியில் பிசிறு இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். எண்ணெய்க்கல்லில் பத்து நிமிடம் தீட்டினால் அதே கருவி வேறு கருவி மாதிரி நடந்துகொள்ளும். நான் பலருக்கு முதலில் சொல்லும் மாற்றம் இதுதான், காசு செலவில்லாதது.

மற்றவை சுருக்கமாக: ஐந்து சுற்று, சுமார் 5 முதல் 6 செ.மீ. நீளம், 8 முதல் 10 மி.மீ. வெளி அகலம், இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி நீண்டுவிடாத கெட்டியான எஃகுக் கம்பி.

நுனியைத் தக்கையின் நடுவில்தானே குத்த வேண்டும்?

இல்லை, கொஞ்சம் தள்ளிக் குத்த வேண்டும். நுனி இருப்பது சுருளின் ஓரத்தில். சுருளின் அச்சு அதிலிருந்து 4 மி.மீ. அளவு தள்ளி இருக்கிறது. நுனியை நட்டநடுவில் வைத்தால் அச்சு 4 மி.மீ. விலகிப்போகும், சுருளின் மறுபக்கம் நடுவிலிருந்து 8 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும். கழுத்தின் ஆரமோ 9.25 மி.மீ.தான். அதாவது ஒரு பக்கத்தில் கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தக்கை மட்டும் நிற்கும். தக்கை ஓரத்தில் பிளப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

நுனியை நடுவிலிருந்து 3, 4 மி.மீ. தள்ளி லேசாகச் சாய்த்து ஊன்றுங்கள். அரைச் சுற்று திருப்பியதும் கருவியை நிமிர்த்துங்கள். அச்சு தானாக நடுவுக்கு வந்துவிடும். பாட்டில் வாயில் வந்து உட்காரும் சட்டம் வைத்த கருவிகள் இந்த வேலையை நமக்காகச் செய்துவிடுகின்றன. புதியவர்களுக்குச் சட்டம் வைத்ததே நல்லது.

திருப்பிக்கொண்டே இழுத்தால் சுலபமாக வருகிறதே, ஏன்?

விரலில் இறுகிய மோதிரத்தை யாரும் நேராக இழுப்பதில்லை, திருகித் திருகித்தான் கழற்றுகிறோம். அதே கணக்குதான் இங்கேயும். உராய்வு எப்போதும் பொருள் நகர்கிற திசைக்கு எதிராக வேலை செய்யும். தக்கை வேகமாகச் சுழன்றபடி மெதுவாக மேலே வந்தால், அதன் நகர்வு பெரும்பாலும் பக்கவாட்டுதான். உராய்வும் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. மேல்நோக்கி இழுக்கும் கைக்கு மிச்சம் இருப்பது கொஞ்சமே.

சரி, சுழற்ற மட்டும் பலம் வேண்டாமா? வேண்டும், ஆனால் அங்கே கைப்பிடியின் நீளம் நமக்கு உதவுகிறது. நேராக இழுக்க 30 கிலோ கேட்கும் தக்கையைச் சுழற்ற, 10 செ.மீ. அகலக் குறுக்குக் கைப்பிடியின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கைக்கு 3 கிலோவுக்கும் குறைவான தள்ளல் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதைக் கருவியில் கொண்டுவந்தவர் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1795ல் காப்புரிமை பெற்றார். அவர் செய்தது திருகின் மேல்முனையில் ஒரு சின்ன வட்டத்தகடு வைத்தது, அவ்வளவே. திருகு முழுதாக இறங்கியதும் தகடு தக்கையின் தலையில் உட்காரும். அதற்கு மேல் திருகு உள்ளே போக இடமில்லை, ஆகவே திருப்பத் திருப்பத் தக்கையே சேர்ந்து சுழலும், ஒட்டு விடும். இவ்வளவு குறைந்த உலோகத்தில் இவ்வளவு பயன் தந்த வேறு ஒரு மாற்றம் இந்தக் கருவியின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. 2007ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான ஒரு கணிதக் கட்டுரையும், நேர் இழுப்போடு முறுக்கையும் சேர்ப்பது நல்லது என்ற கருத்தைத்தான் முன்வைத்தது.

ஒரு கவனம்: திருகை இறக்கிய அதே வலப்பக்கம்தான் திருப்ப வேண்டும். மாற்றித் திருப்பினால் திருகு கழன்று வரும்.

வெயிட்டர்கள் பையில் வைத்திருக்கும் மடக்குக் கருவியில் ஒரு படி, இரண்டு படி என்கிறார்களே, எது நல்லது?

இரண்டு படி. கேள்வியே வேண்டாம்.

இந்த மடக்குக் கருவி 1882ல் கார்ல் வீன்கே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்றது. கத்தி, திருகு, நெம்புகோல் மூன்றும் சட்டைப்பைக்குள் அடங்கும். நெம்புகோலின் கால் பாட்டில் வாயின் விளிம்பில் ஊன்றும், கைப்பிடியைத் தூக்கினால் தக்கை ஏறும். கை தரும் பலம் சுமார் நான்கு மடங்காகிறது. 30 கிலோ இழுப்பு 7, 8 கிலோவாகக் குறைகிறது.

குறை எங்கே என்றால், கைப்பிடி நேர்கோட்டில் ஏறுவதில்லை, வில் மாதிரி வளைந்து ஏறுகிறது. திருகு அந்தக் கைப்பிடியில்தான் மாட்டியிருக்கிறது. ஒரே மூச்சில் 45 மி.மீ. தூக்கப் பார்த்தால் வளைவு பெரிதாகி, கடைசியில் தக்கையை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் சாய்க்க ஆரம்பிக்கும். கீழ்ப்பாதி உள்ளே, மேல்பாதி வெளியே என்று நிற்கும் தக்கை அந்த இடத்தில்தான் முறியும். ஒரு 'டக்' சத்தம் கேட்கும். கேட்ட நொடியே வயிற்றைக் கலக்கும்.

நெம்புகோலின் காலை நடுவில் மடித்து, மேலே ஒரு பல், கீழே ஒரு பல் என்று வைத்ததுதான் இரண்டு படி. முதல் பல்லை ஊன்றிப் பாதி தூக்குகிறோம், பிறகு கீழ்ப்பல்லை ஊன்றி மீதியை எடுக்கிறோம். பெரிய வில் ஒன்றுக்குப் பதில் சின்ன வில் இரண்டு. பலம் அதிகம் கேட்கும் ஆரம்பத்தில் கைப்பிடி நமக்குச் சாதகமான கோணத்தில் இருக்கிறது. ஊன்றிய காலை இடது கையால் விளிம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அது நழுவினால் கண்ணாடி விளிம்பு சில்லாகும்.

அப்படியென்றால் இறக்கை ஓப்பனர் மோசமான வடிவமா?

அந்த யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். பர்மிங்ஹாம் ஹீலி நிறுவனத்தின் இரட்டை நெம்புகோல் 1888லேயே வந்துவிட்டது. மணி வடிவச் சட்டம் பாட்டில் வாயில் சமமாக உட்காருகிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு பலம், தக்கை நேராக ஏறுகிறது. ஆடாமல் எடுப்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது.

பிறகு மலிவாகச் செய்தவர்கள் சுருள் கம்பிக்குப் பதில் தண்டு வைத்த வார்ப்புத் திருகை மாட்டினார்கள். பல மாதிரிகளில் ஏற்றத்தின் நீளமும் போதாது. இறக்கை முழுக்கக் கீழே வந்த பிறகும் தக்கையில் ஒரு சென்டிமீட்டர் உள்ளேயே நிற்கும். தீக்குச்சிச் சோதனையில் தேறுகிற இறக்கை ஓப்பனர் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

ஒரே பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் தக்கை தானாக ஏறி வருகிறதே, அது எப்படி?

இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் அழுத்திப் பிழியும் பழைய உரலுக்கு உடம்பு பாரம் முழுவதும் வேண்டும். மேலே கைப்பிடி வைத்துத் திருப்பும் உரலில் சின்னப் பிள்ளைகூடப் பிழிந்துவிடும். புரியின் சரிவு பலத்தைப் பெருக்கித் தருகிறது.

தக்கைக்கு இந்த வழியை 1802லேயே எட்வர்ட் தாமசன் பிடித்துவிட்டார். அவருடைய கருவியில் ஒரே திசையில் திருப்பினாலே திருகு இறங்கும், பிறகு தக்கை ஏறும். ஆனால் உள்ளே நிறைய நுணுக்கமான பித்தளை வேலை. அதை எளிமையாக்கியவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துப் பொறியாளர் ஹெர்பர்ட் ஆலன். எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் செய்யும் தொழிலில் இருந்தவர். 1970களின் கடைசியில் அவர் கொண்டுவந்த 'ஸ்க்ரூபுல்' கருவியில் ஒரு சட்டம், ஒரு நீளமான மெல்லிய சுருள், அதன்மேல் டெஃப்லான் பூச்சு, ஒரு கைப்பிடி, இவ்வளவுதான். கைப்பிடி சட்டத்தின் மேல் வந்து முட்டியதும் சுருளால் இன்னும் கீழே இறங்க முடியாது. தொடர்ந்து திருப்பினால் தக்கைதான் சுருளின் வழியே மேலே ஏற வேண்டும்.

டெஃப்லான் பூச்சு உண்மையிலேயே தேவையா, இல்லை விற்பனைப் பேச்சா?

தேவை. கம்பிக்கும் தக்கைக்கும் இடையிலுள்ள உராய்வு, தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ளதைவிடக் குறைவாக இருந்தால்தான் தக்கை சுழலாமல் நின்று கம்பியில் ஏறும். பூச்சு தேய்ந்தால் தக்கை கம்பியோடு சேர்ந்து சுற்றும், ஏறாது. பூச்சு உரிந்த கருவியைக் கழித்துவிடுங்கள், அல்லது சுருளை மட்டும் மாற்றுங்கள்.

மூட்டுவலி, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு எது?

பாட்டில் கழுத்தை இரண்டு பிடிகளால் கவ்விக்கொண்டு, மேலே உள்ள நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டும் வகை. மணிக்கட்டைத் திருப்ப வேண்டியதே இல்லை. பேட்டரியில் ஓடும் ஓப்பனரும் நல்லதுதான். உள்ளே நடப்பது மேலே சொன்ன தொடர் திருகல், கைக்குப் பதில் மோட்டார். வலியோடு வேலை பார்த்த சக பணியாளர் ஒருவர் இதற்கு மாறிய பிறகு மேசைக்கு முன்னால் முகம் சுளிப்பதை நிறுத்தினார். அதைப் பார்த்தபிறகு "இயந்திரம் வைத்துத் திறப்பது மரியாதையா" என்கிற பேச்சை நான் காதில் வாங்குவதில்லை.

முப்பது, நாற்பது வருடப் பழைய பாட்டில் என்றால்?

அங்கே திருகை மட்டும் நம்பாதீர்கள். பழைய தக்கை மீள்தன்மை இழந்து, ஈரத்தில் ஊறிய ரஸ்க் மாதிரி ஆகியிருக்கும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட இடுக்கி வகை உண்டு. நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டி இறக்க வேண்டும். பிறகு திருகிக்கொண்டே தூக்க வேண்டும். தக்கை குத்துப்படாமல் வெளிப்பக்கத்திலிருந்து பிடிபடும். உள்ளே ஒரு திருகும் வெளியே இந்தத் தகடுகளும் சேர்ந்த 'ட்யூரண்ட்' கருவி பழைய பாட்டிலுக்கென்றே வந்தது.

போர்ச்சுகலின் பழைய போர்ட் ஒயினுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் தக்கைக்குக் கீழே கழுத்தைச் சற்று நேரம் கவ்வி, எடுத்த உடனே ஈரத்துணியை வைப்பார்கள். கண்ணாடி வட்டமாக விரிசல் விட்டு, தக்கையோடு கழுத்தும் தனியே வந்துவிடும். பழகினவர்கள் மட்டும் செய்ய வேண்டியது.

ஷாம்பெயின் பாட்டிலுக்கு?

கார்க் ஸ்க்ரூவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. தக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சுழற்றுங்கள்.

சுவரில் செருப்பை வைத்துப் பாட்டிலை இடித்துத் திறக்கும் வீடியோ பார்த்தேன்…

வேண்டாம். பாட்டில் உடைந்தால் தையல் போட வேண்டியது உங்கள் கையில்.

புதிய வடிவம் ஒன்று செய்து பார்க்கிறேன். எதை அளப்பது?

மூன்றை அளந்து பாருங்கள். முதலாவது, ஆரம்ப இழுவிசை. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு 50 கிலோ வரை காட்டும். சாதாரணக் குறுக்குக் கைப்பிடித் திருகை அதில் மாட்டி மெதுவாக இழுத்தால், தக்கை கிளம்பும் நொடியின் எண் கிடைக்கும். பாட்டிலைக் கனத்த துணியில் சுற்றி, மரக்கட்டைகளுக்கு நடுவே அசையாமல் நிறுத்துங்கள். இரண்டாவது, உங்கள் கருவியில் கை தரும் பலம். ஒரே பெட்டியில் வந்த ஒரே வகைத் தக்கைகளில் பத்துக்காவது செய்து பாருங்கள், ஏனென்றால் மரப்பட்டையில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: எடுத்த தக்கையை நீளவாக்கில் பிளேடால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். கம்பி போன தடம் நடுவில் நேராக இறங்கியிருக்கிறதா, நடுத்தூண் முழுசாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறதா என்று எல்லாம் அதில் தெரியும். என் அண்ணன் அப்படிப் பிளந்த தக்கைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதி போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு திருகும் என்ன செய்தது என்பதை இன்றைக்கும் அவற்றை எடுத்துக் காட்டிச் சொல்லுவார்.

தக்கை முறிந்து பாதி உள்ளேயே நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

பதறி உடனே நட்டநடுவில் குத்தாதீர்கள். அழுத்தம் கீழ்நோக்கிப் போனால் மீதித் தக்கை உள்ளே விழுந்துவிடும். பாட்டிலைச் சாய்த்துப் பிடியுங்கள். திருகின் நுனியைக் கண்ணாடிப் பக்கமாகச் சாய்வாக வைத்து, மிக மெதுவாகத் திருப்புங்கள். துண்டு கண்ணாடியில் அணைந்து நிற்பதால் கீழே நழுவாது. இரண்டு சுற்று பிடித்ததும் பாட்டிலை நிமிர்த்தி, முறுக்கிக்கொண்டே தூக்குங்கள். அப்படியும் உள்ளே விழுந்துவிட்டால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. சுத்தமான மெல்லிய துணியிலோ தேநீர் வடிகட்டியிலோ வடிகட்டி ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பரிமாறலாம்.